வாசலருகே ஒரு கல்தொட்டி

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி நம்மைக் காண வந்திருந்தாள். இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறவள். ஓய்வு நாள் கிடைத்தால் பஸ் ஏறிச் சுற்றுப்புறக் கிராமங்களின் பழைய கோவில்களைப் பார்த்து வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டதாம். அங்கே எடுத்த படங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து நம் மேசைமேல் பரப்பினாள். ஒன்றில்கூடப் பீடம் இல்லை, கோபுரம் இல்லை, வண்ணக் கண்ணாடிச் சன்னல் இல்லை. எல்லாம் ஞானஸ்நானத் தொட்டிகள்!

“கோவிலுக்குப் போனவள் பீடத்தைப் பார்க்காமல் தொட்டியையா பார்த்துக்கொண்டு நின்றாய்?” என்று கேட்டுச் சிரித்தோம்.

“மற்றதெல்லாம் மாறிப்போச்சு டீச்சர். இது ஒண்ணுதான் அன்னைக்கு இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்கு” என்றாள்.

பிறகுதான் மனத்தில் இருந்ததைச் சொன்னாள். அவள் பக்கத்து வீட்டு மூதாட்டி ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். தம் ஊர்ப் பங்கின் ஆலோசனைக் குழுவில் இருப்பவர். வாசலருகே நிற்கும் பழைய தொட்டியைப் பெயர்த்துப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் கோவிலின் பின்பக்கம் காலியாகும், அங்கே ஒரு சிறு சமையலறை கட்டி நாற்காலிகள் போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. குழுவில் பாதிப்பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப்பேர் கூடாது என்கிறார்கள். “உங்கள் சபையார் செய்துவைத்த தொட்டிதானே அம்மா இது, நீ என்ன சொல்கிறாய்?” என்று மூதாட்டி இவளைக் கேட்டாராம். இவளுக்குப் பதில் தெரியவில்லை, நம்மைக் கேட்டாள். நமக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. நாம் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. நூல்களைத் தேடிப் படித்து, படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நம்முள் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தோம். தொட்டி வாசலருகிலேயே இருக்கட்டும் என்பதே நம் கருத்து. ஏன் என்பதை இங்கே எழுதுகிறோம்.

ஞானஸ்நானத் தொட்டி என்றதும் நம் மாணவியர் மனத்தில் தோன்றுவது ஒரு சிறு கிண்ணமும் அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டுமாக இருக்கலாம். ஆங்கில நாட்டுப் பழைய தொட்டி அப்படிப்பட்டதன்று. ஒரே கல்லைக் குடைந்து செய்தது. பெரியவர் இடுப்பு உயரம் நிற்பது. கைக்குழந்தை ஒன்றை முழுதாக முக்கி எடுக்கப் போதுமான அகலமும் ஆழமும் உடையது. அந்நாளில் குழந்தையின் நெற்றியில் நீர் வார்ப்பதோடு நிற்கவில்லை. உடை களைந்த குழந்தையை மூன்று முறை நீரில் அமிழ்த்தி எடுத்தார்கள். கல் நீரை உறிஞ்சுமாகையால் உட்புறம் ஈயத் தகடு வேய்ந்திருக்கும். அடியில் ஒரு துளை. மந்திரித்த நீரைத் தெருவில் கொட்டலாகாது என்பதால் அது அத்துளை வழியே கோவில் தரைக்குள்ளேயே இறங்கிப் போகும்.

நீரை மந்திரிப்பது பாஸ்குத் திருவிழிப்பிலும் பெந்தகோஸ்து விழிப்பிலும். அந்நீர் பல வாரங்கள் தொட்டியிலேயே கிடக்கும். அதைத் திருடிப் போகிறவர்களும் இருந்தார்கள்! மாந்திரீகத்துக்கு அந்நீர் பயன்படும் என்று நம்பினார்கள். கேன்டர்பரிப் பேராயராயிருந்த புனித எட்மண்டு 1236-ஆம் ஆண்டில், தொட்டிகளை மூடியிட்டுப் பூட்டிவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தப் பூட்டுக்காக விளிம்பில் அடித்த இரும்புக் கொண்டிகளின் தடம் இன்றைக்கும் பல தொட்டிகளில் தெரிகிறது. அவர்களுடைய அறியாமையைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை. தீர்த்தச் சீசா ஒன்றை அலமாரியில் வைத்திராத வீடு நம்மிடையே எது?

இந்தத் தொட்டிகளில் சில செய்யப்பட்ட விதம் வியப்புக்குரியது. நார்தம்பர்லாந்தில் சாலர்ட்டன் என்னும் ஊரின் பழைய தொட்டி, உரோமருடைய ஜூப்பிட்டர் தேவனுக்கு எழுப்பிய பலிபீடம். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைக் குடைந்து தொட்டியாக்கிவிட்டார்கள். ஷ்ரோப்ஷயரில் ராக்ஸிட்டர் ஊரிலோ உரோமர் தூண் ஒன்றின் பீடக்கல்லே தொட்டியாயிற்று. டார்செட்டில் மெல்பரி பப் என்னுமிடத்துத் தொட்டியில் செதுக்கிய மிருகங்கள் எல்லாம் கால் மேலே, தலை கீழே என்று நிற்கின்றன. சாக்சன் காலத்துக் கல்தூண் ஒன்றின் துண்டைத் தலைகீழாக நட்டுக் குடைந்ததன் விளைவு அது. அந்த மனிதர்களுக்கு எந்தக் கல்லும் வீண் அல்ல.

பெரும்பான்மையான பழைய தொட்டிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றைக் கொத்தியவர்களின் பெயர் தெரிவது அரிது. கம்பர்லாந்துப் பகுதியில் பிரைட்கர்க் தொட்டி ஒரு விதிவிலக்கு. ரூனிக் என்னும் பழைய எழுத்தில், ரிச்சர்டு என்னும் தச்சன் தன்னை இவ்வழகுக்குக் கொண்டுவந்தான் என்று தொட்டியே பேசுவதுபோல் பொறித்திருக்கிறது. பக்கத்தில் உளியும் சுத்தியும் பிடித்த ஒரு சிறு மனிதன். தன்னையே செதுக்கிக்கொண்டான்! பெருமைக்காரன் என்று நம்மில் ஒருவர் சொன்னார். அவ்வளவு உழைத்தவனுக்கு அது கூடக் கூடாதா என்று மற்றொருவர் கேட்டார்.

நம் மாணவி வாழும் நார்ஃபோக்கிலேயே பர்ன்ஹாம் டீப்டேல் என்னும் கடலோரச் சிற்றூர் உண்டு. அதன் சதுரத் தொட்டியின் மூன்று பக்கங்களில், பக்கத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஜனவரியில் ஒருவன் கொம்பில் குடிக்கிறான். பிப்ரவரியில் குளிர் தாங்காமல் உட்கார்ந்து கால் காய்கிறான். மார்ச்சில் மண் கொத்துகிறான். ஜூனில் களை எடுப்பு, ஆகஸ்டில் கதிர்க்கட்டு, செப்டம்பரில் சூடடிப்பு, நவம்பரில் பன்றி அறுப்பு, டிசம்பரில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து விருந்துண்கிறார்கள். குழந்தையை நீரில் முக்கும் தொட்டியில் சம்மனசுகள் இல்லை, அப்போஸ்தலர்கள் இல்லை. களை எடுப்பும் கதிர் அறுப்பும் இருக்கின்றன. அந்தக் குழந்தை வளர்ந்து சாகும்வரை செய்யப்போகும் வேலை அதுதானே! ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் மீயன் ஊர்த் தொட்டி, இன்றைய பெல்ஜியத்திலுள்ள தூர்னே நகரின் கருங்கல்லில் செய்து கடல் கடந்து வந்தது. அதில் ஆதாமும் ஏவாளும் சிங்கார வனத்தைவிட்டு வெளியேறுகிறார்கள். வெளியே வந்த பின் சம்மனசானவர் ஆதாமுக்கு மண் கொத்தக் கற்றுக்கொடுக்கிறார். ஏவாள் நூல் நூற்கிறாள். துரத்திய கடவுளே தொழிலும் கற்பிக்க ஆளனுப்பினார் என்று அந்தச் சிற்பி எண்ணியிருக்க வேண்டும். நமக்கு இப்படம் மிகவும் பிடித்துப்போயிற்று.

இனி மனம் நோகும் பகுதிக்கு வருகிறோம். கிழக்கு இங்கிலாந்தில் எண்கோணத் தொட்டிகள் சில உண்டு. எட்டுப் பக்கங்களில் ஏழு பக்கங்கள் ஏழு தேவதிரவிய அனுமானங்களைக் காட்டும்: ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைப்பூசுதல், குருத்துவம், மெய்விவாகம். எட்டாவது பக்கத்தில் பெரும்பாலும் நம் ஆண்டவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெறுவதோ, சிலுவையில் தொங்குவதோ இருக்கும். இவை ஏறக்குறைய நாற்பது எஞ்சியுள்ளன. இரண்டைத் தவிர எல்லாம் நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில். வால்சோக்கன் என்னும் ஊரின் தொட்டியில் 1544 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. எட்டாம் ஹென்றி அரசர் உரோமையோடு உறவை முறித்தது 1534-இல்! பத்தாண்டு கழிந்தும் ஒரு கிராமம் பணம் திரட்டி ஏழு அனுமானங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறது.

இந்தத் தொட்டிகளின் படங்களில் பலவற்றில் உருவங்களுக்கு முகம் இல்லை. குருவானவர் நிற்கிறார், தலை இல்லை. தாதி குழந்தையைத் தாங்கி நிற்கிறாள், அவள் முகமும் கொத்தப்பட்டிருக்கிறது. ஆறாம் எட்வர்டு காலத்திலும், பிறகு நூறு ஆண்டு கழித்து உள்நாட்டுப் போரின் காலத்திலும் சுத்திகள் வேலை செய்தன. 1645-இல் பாராளுமன்றம் ஏற்ற வழிபாட்டு விதிநூல், பழைய தொட்டிகள் நின்ற இடங்களில் ஞானஸ்நானம் கொடுக்கலாகாது என்றது. தொட்டி போய்த் தாம்பாளம் வந்தது. பல தொட்டிகள் கோவிலுக்கு வெளியே எறியப்பட்டு மாட்டுத் தொட்டியாயின, பூந்தொட்டியாயின. குளஸ்டர்ஷயரில் டீர்ஹர்ஸ்ட் கோவிலின் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொட்டியின் மேற்பகுதி ஒரு பண்ணையில் கிடந்து அகப்பட்டது. தண்டு வேறோரிடத்தில் கிடந்தது. இரண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மீண்டும் ஒன்றுசேர்த்தார்கள்.

சில இடங்களில் மக்கள் காப்பாற்றினார்கள். சஃபோக்கில் அஃபர்டு என்னும் ஊர்த் தொட்டியின் மரமூடி பதினெட்டு அடி உயரம், ஊசிக்கோபுரம்போல் அடுக்கடுக்காக எழுந்து நிற்பது. உச்சியில் தன் மார்பைக் குத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பெலிக்கன் பறவை. உருவங்களை உடைக்க நியமிக்கப்பட்ட வில்லியம் டௌசிங் 1644-இல் அங்கே வந்தபோது, சாவியைக் கொடுக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரைக் காக்க வைத்தார்களாம் ஊரார். உள்ளே போனவரோ அம்மூடியைப் பாப்பரசரின் மும்முடியோடு ஒப்பிட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதினாரேயன்றி, உடைக்கவில்லை. இன்றும் அது நிற்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது நம் இரத்தம் சூடேறியது உண்மை. “எங்கள் தொட்டியை உடைத்தீர்கள், இப்பொழுது எங்களிடமே யோசனை கேட்கிறீர்களா?” என்று மூதாட்டிக்கு எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றிற்று. நல்லவேளை, எழுதவில்லை. ஏனென்றால் ஒன்றை மறந்துவிட்டோம். 1660-இல் அரசர் திரும்பி வந்ததும் அதே ஆங்கிலிக்கன் பங்குகள்தாம் தேடிப்போய்த் தொட்டிகளை மீட்டுக் கொண்டுவந்தன. கிடைக்காத இடங்களில் புதிதாகச் செய்தன. அந்த ஓரிரண்டு ஆண்டுகளின் தேதியிட்ட தொட்டிகள் இன்றும் பல உண்டு. அதற்குப் பிறகு அவற்றில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளை நம் திருச்சபை ஞானஸ்நானம் பெறாதவர்கள் என்று சொல்வதில்லை. நீரும், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரும், கருத்தும் சரியாக இருந்தால் ஞானஸ்நானம் செல்லும். முன்பெல்லாம் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வருகிறவர்களுக்குச் சந்தேகத்தின்பேரில் மறுபடியும் நீர் வார்ப்பது வழக்கமாயிருந்தது. தக்க காரணமின்றி அப்படிச் செய்யலாகாதென்று 1967-இல் உரோமையே விதித்தது. பீடத்தைப் பற்றியும் பூசையைப் பற்றியும் நமக்கும் அவர்களுக்கும் எத்தனையோ வேற்றுமை உண்டு. தொட்டியைப் பற்றி இல்லை. ஆகையால் ‘எங்கள் தொட்டி’ என்னும் பேச்சை நாம் விட்டுவிட்டோம்.

பெண்கள் பள்ளியின் மலரில் எழுதுகிறோமாகையால் இன்னொன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அக்காலத்துத் தொட்டியண்டை பெற்ற தாய் வந்து நிற்பதில்லை. குழந்தை பிறந்த அன்றோ மறுநாளோ ஞானஸ்நானம் நடந்துவிடும். தாய் படுக்கையில் இருப்பாள். ஏறக்குறைய நாற்பது நாள் கழிந்து சடங்கு செய்த பிறகே அவள் கோவிலுக்குள் வருவாள். குழந்தையைத் தூக்கி வருகிறவள் மருத்துவச்சி. கோவில் வாசலில், ஆண்பிள்ளையாயின் குருவானவருக்கு வலப்பக்கம், பெண்பிள்ளையாயின் இடப்பக்கம். ஆண்பிள்ளைக்கு இரண்டு ஞானத்தந்தையர், ஒரு ஞானத்தாய்; பெண்பிள்ளைக்கு இரண்டு ஞானத்தாயர், ஒரு ஞானத்தந்தை. வலமும் இடமும் வாசலோடு சரி. தொட்டி ஒன்றுதான், நீரும் ஒன்றுதான்.

வாசல்வரை வர முடியாத குழந்தைகளும் இருந்தன. சாவான ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நாம் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம் அல்லவா? அங்கே அது ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை. 1400-ஐ ஒட்டி ஷ்ரோப்ஷயரில் வாழ்ந்த ஜான் மிர்க் என்னும் குருவானவர் பங்குக் குருக்களுக்காக எழுதிய கையேட்டில், மருத்துவச்சிகளுக்கு அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொடுங்கள் என்று வற்புறுத்துகிறார். தலை வெளிவந்து, உயிர் தங்காது என்று தோன்றினால் அப்பொழுதே நீர் வார்க்க வேண்டும். லத்தீன் தெரியாவிட்டால் தாய்மொழியில் சொன்னால் போதும். அந்நீர் இருந்த பாத்திரத்தை வீட்டுப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. எரித்துவிட வேண்டும், அல்லது கோவிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். எழுத்தறியாத கிராமத்துப் பெண் ஒருத்தி, இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், திருச்சபையின் முதல் அனுமானத்தை நிறைவேற்றினாள்! ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுவுக்கு மந்திரித்த கல்லறை மண்கூட அக்காலத்தில் கிடையாது என்பதை நினைத்தால் அவள் கை எப்படி நடுங்கியிருக்கும்! அத்தகைய சிசுக்களின் இரட்சணியத்தை நாம் நம்பிக்கையோடு எதிர்பார்க்கக் காரணம் உண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு சொன்னது 2007-இல்தான். இதற்கிடையில் ஆங்கிலிக்கன் சபை 1604-ஆம் ஆண்டு தன் செபநூலைத் திருத்தியபோது, வீட்டில் கொடுக்கும் ஞானஸ்நானமும் முறைப்படி நியமிக்கப்பட்ட குருவின் கையால்தான் நடக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது. மருத்துவச்சியின் கையிலிருந்து அது போயிற்று. முகம் கொத்தப்பட்ட அந்தக் கல்தாதியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வருகிறது.

ஆங்கிலேயர் இவ்வழக்கத்தைச் சென்னைக்கும் கொண்டுவந்தார்கள். 1680-இல் அபிஷேகமான புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் கோவிலில், பல்லாவரத்துக் கருங்கல்லில் குடைந்த தொட்டி இருக்கிறது. 1689 ஆகஸ்டு 19-இல் மேரி, எலிசபெத், கேதரின் என்னும் மூன்று பெண்பிள்ளைகள் அக்கோவிலில் ஞானஸ்நானம் பெற்றனர். தகப்பனார் ஜோப் சார்னாக், மறு ஆண்டு கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவியவர். தாய் இந்தியப் பெண். பதிவேட்டில் மூன்று பெயர்களும் நிலைத்தன.

இப்பொழுது வழக்குக்கு வருவோம். தொட்டியை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் மூடர்கள் அல்லர். ஞானஸ்நானம் குடும்பத்தார் நான்குபேர் மூலையில் கூடி முடித்துக்கொள்ளும் காரியம் அன்று, பங்கு மக்கள் அனைவரும் கண்டு வரவேற்க வேண்டியது என்கிறார்கள். நியாயம்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நம்மவரும் இதையே சொல்லிப் பல கோவில்களில் தொட்டியைப் பீடத்தருகே கொண்டுவந்தார்கள். குளிர்நாட்டில் வயதானவர்கள் பூசைக்குப் பின் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்க இடம் கேட்பதும் குற்றமாகாது. சமையலறையைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களோடு நாம் சேரமாட்டோம்.

ஆயினும் அந்தத் தொட்டி அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய முறைப்படி சடங்கு கோவிலுக்கு வெளியே, வாசல் மண்டபத்தில் தொடங்கும். பெயர் கேட்பதும், நாவில் உப்பு வைப்பதும் அங்கே. பிறகு உள்ளே அழைத்தால் முதலில் எதிர்ப்படுவது தொட்டி. நீரைக் கடந்துதான் பீடம். ஆங்கிலிக்கன் சபையின் சட்டமே, வேறு வழக்கமோ ஆயரின் வேறு உத்தரவோ இல்லாவிடில், தொட்டி தலைவாசலுக்கு இயன்றவரை அருகில் நிற்க வேண்டும் என்கிறது. அதைப் பெயர்க்க மறைமாவட்ட அனுமதியும் வேண்டும். மக்கள் காணவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறதே! மக்கள் எழுந்து பின்பக்கம் திரும்பட்டும். அல்லது நடந்து போய்ச் சுற்றி நிற்கட்டும். கல்லை நகர்த்துவதைவிடக் காலை நகர்த்துவது எளிதன்றோ? நாற்காலிகளையும் தேநீரையும் தொட்டியைச் சுற்றியே வைத்துக்கொண்டாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை. விருந்துண்ணும் மனிதர்களைத் தொட்டியிலேயே செதுக்கிய நாடல்லவா அது!

வைக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. அது கண்ணாடிப் பெட்டி. படங்களில் சில தொட்டிகள் வறண்டு, உள்ளே காகிதப் பூக்களும் கோவில் வரலாற்றுச் சிறு புத்தகங்களும் அடுக்கிக் கிடந்தன. அவற்றைப் பார்த்தபோது, உடைந்த முகங்களைப் பார்த்ததைவிட அதிக வருத்தமாயிருந்தது. பீடத்தருகே பெயர்த்து வைத்தாலும் அதில் நீர் ஊற்றிக் குழந்தைகளைக் கொண்டுவருவார்களானால், நாம் தோற்றுப்போனதற்காக அழமாட்டோம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, தொல்பொருளாக்கிக் கயிறு கட்டிவிட்டால் நம் கட்சி வென்றும் பயனில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு கோவிலில் 1564 ஏப்ரல் 26-இல் ஷேக்ஸ்பியர் ஞானஸ்நானம் பெற்ற காலத்துத் தொட்டி, மேற்பகுதி உடைந்த நிலையில், இன்று காட்சிப்பொருளாக இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அது பரவாயில்லை, அங்கே பயன்படுத்த வேறு தொட்டி உண்டு.

இவற்றையெல்லாம் சுருக்கி நம் மாணவிக்கு எழுதி அனுப்பினோம். அவள் மூதாட்டிக்குப் படித்துக் காட்டினாளாம். குழு இன்னும் முடிவு செய்யவில்லை. பதிலோடு ஒரு படம் வந்தது. இப்பொழுது நம் ஆசிரியர் அறையில் ஒட்டியிருக்கிறோம். அதே தொட்டிதான், வாசலருகே. எட்டுப் பக்கத்திலும் உருவங்களுக்கு முகம் இல்லை. விளிம்பில் ஒரு மஞ்சள் துண்டு தொங்குகிறது. தரையில் நீர் சிந்தியிருக்கிறது. பக்கத்துப் பலகைமேல், குளிருக்காக வெந்நீர் கொண்டுவந்த ஒரு சாதாரணச் சமையலறைக் கெண்டி.